சிவப்புப் பக்கம் போகாத லீவர்

குளவ் பாக்ஸைக் கழற்றி, பின்னால் கையை விட்டு மூன்று ஸ்க்ரூவை எடுத்ததும் ப்ளோயர் மோட்டார் பொதுக்கென்று கையில் இறங்கியது. கூடவே ஒரு பந்து பஞ்சும் விழுந்தது. அதைப் பிரித்தால் உள்ளே மல்லிச் சக்கை, சீமைக்கருவேல இலை, கிழிந்த சாக்கு நூல். எலி பிள்ளை பெற்று, வளர்த்து, காலி செய்துவிட்டுப் போன இடம்.

பரளச்சியில் மருமகன் வீட்டுக் கொட்டகையில் மல்லி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்றிருந்த பழைய மாருதி ஜென் அது. மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கவும்தான் மருமகனுக்கு ஏசி ஞாபகம் வந்திருக்கிறது. மோட்டாரைத் துடைத்து மாட்டி ஓடவிட்டபோது வண்டி முழுக்க மல்லி வாசம்.

"மாமா, ஏசி போட்டா ரசம் வைக்கிற வாசம் வருது" என்று மருமகன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. சீட்டில் சாய்ந்து அந்தக் காற்றை முகத்தில் வாங்கியபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

ஊரில் பெயர் சொன்னால் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஏசிக்காரர் என்றால் திருச்சுழி வரைக்கும் வழி சொல்வார்கள். மதுரையில் தொழில் பழகி, அருப்புக்கோட்டையில் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை ஒன்றை நெடுங்காலம் நடத்திவிட்டு, முழங்கால் வலி வந்த பிறகு சொந்த ஊரான பரளச்சிக்கே திரும்பியவர். இப்போது வேலை என்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்பார். ஆனால் பழைய வண்டியை யாராவது வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் முழங்கால் வலி மறந்துபோகும்.

அவர் சிறுவனாக இருந்தபோது பரளச்சிக்குக் கார் வருவதே கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும்தான். வந்தால் அம்பாசிடர் வரும். 1950-களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி 2014 வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடிய அந்த வண்டியில், முன்கதவு முக்கோணக் கண்ணாடிதான் குளிர்சாதனம். அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். வசதியானவர்கள் டேஷ்போர்டின் மேல் பேட்டரியில் ஓடும் சின்னக் காத்தாடி ஒன்றையும் வைத்திருந்தார்கள். அது சூட்டை அங்கிருந்து இங்கே தள்ளியதைத் தவிர வேறெதுவும் செய்ததாக அவருக்கு நினைவில்லை. கண்ணாடியைத் திறந்தால் கரிசல் புழுதி, மூடினால் வெக்கை. வெள்ளை வேட்டியோடு ஏறியவர் எந்த நிறத்தில் இறங்குவார் என்பது காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. விறகுக்கரி மூட்டம் போட்ட காட்டுப்பக்கம் வண்டி போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

முதல் ஏசி காரை அவர் பார்த்ததும் ஒரு கல்யாணத்தில்தான். அருப்புக்கோட்டை மில்காரர் குடும்பத்து அம்பாசிடர். ஏசி கம்பெனியில் பொருத்தி வந்தது கிடையாது. வெளியில் வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டிருந்த பெட்டி. இரண்டே திருகு. ஒன்று காற்றுக்கு, இன்னொன்று குளிருக்கு. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அந்தத் திருகுகளையே பார்த்தார்கள். "எவனாவது தொட்டீங்க, கை இருக்காது" என்று டிரைவர் விரட்டினார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து மண் நனைந்தது. ரேடியேட்டர் ஓட்டை என்றார் ஒருவர். வண்டி ஒண்ணுக்குப் போகுது என்றான் ஒரு பொடியன். ஒரு பாட்டி, தண்ணீர் வீணாகிறதே என்று உண்மையிலேயே ஒரு சட்டியைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். குடிதண்ணீருக்கு ஊருணியை நம்பியிருந்த காலம், சிரிக்க முடியாது. அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது என்பது அவருக்கே மதுரைக்குப் போன பிறகுதான் விளங்கியது.

மதுரைப் பட்டறையில் முதலில் கிடைத்த வேலை பாத்திரத்தில் சோப்பு நுரை கரைப்பது. காஸ் பைப் இணைப்புகளில் நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட அவருக்குப் பிடித்தது காஸ் விளக்கு. நீலச் சுடர் எரியும் சின்ன டார்ச். அதன் ரப்பர் குழாயைப் பைப் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், ஒழுகும் இடம் வந்ததும் சுடர் பச்சையாக மாறும். அப்போது எல்லா வண்டியிலும் ஆர்-12 என்ற காஸ்தான். அதிலிருந்த குளோரின், சூடான செம்புத் தகட்டில் பட்டுச் சுடரைப் பச்சையாக்கும். இரவில் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பச்சையைத் தேடுவதற்காகவே ஓவர்டைம் பார்த்திருக்கிறார்.

பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அதிகம் பேசாத மனிதர். அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி, கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் தொட வைத்துச் சொன்னது. ஒரு நாள் ஒரு கான்டெஸா வந்தது. குளிர் இல்லை, காஸ் அடிக்க வேண்டும் என்றார் அதன் டிரைவர். அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுக்குள் நுழையும் தடித்த பைப்பின் மேல் பையனின் கையை வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு அண்ணாச்சி. வேர்த்து வடியுது."

"அப்ப காஸ் இருக்கு. வண்டிக்குள்ள போய் எங்கயோ சூடாகி வருது. அதைத் தேடு."

ஏசிக்காரருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் மிகையாகாது. கரிசல் சீமையில் ஏசி ரிப்பேர் என்றாலே காஸ் அடிப்பதுதான். ப்ளோயர் சுற்றவில்லையா, காஸ். நாற்றம் வருகிறதா, காஸ். பின்சீட்டில் குளிர் எட்டவில்லையா, அதற்கும் காஸ். வண்டிக்காரரும் அதைத்தான் கேட்பார், மெக்கானிக்கும் அதையே செய்வார், காசு கைமாறும். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் வண்டியில் மேலும் ஏற்றினால் அழுத்தம் கூடி கம்ப்ரசர் திணறும், குளிர் குறையும். மறுபடி காஸ் அடிக்க வருவார்கள். ஏமாற்று வேலை என்று இதை ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பாதிப் பேர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்கள்.

கான்டெஸாவின் நோய் டேஷ்போர்டுக்குள் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, நம் ஊரில் யாரும் தொடாத ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் ஹீட்டர்.

எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீரில் ஒரு பங்கு இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து, கையகல ரேடியேட்டர் ஒன்றில் சுற்றித் திரும்பிப் போகும். பெரும்பாலான கார்களில் ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைத் தாண்டும். அடுத்து ஒரு மடல் கதவு. அந்த மடல், காற்றை ஹீட்டர் வழியாக அனுப்புவதா, அதைச் சுற்றி அனுப்புவதா, எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிக்கும். மடலை அசைப்பது ஒரு கம்பி. கம்பியை இழுப்பது டேஷ்போர்டில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் தீட்டிய லீவர். சில வண்டிகளில் இதே லீவர் ஹோஸில் இருக்கும் தண்ணீர் வால்வையும் திறந்து மூடும். குளிர்நாட்டுக்காரன் இந்த லீவரைத் தினமும் நகர்த்துகிறான். அருப்புக்கோட்டையில் வாங்கிய நாளில் நீலத்தில் வைத்த லீவர், வண்டி காயலான் கடைக்குப் போகும் வரை நீலத்திலேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன என்றுதான் தோன்றும். அசையாத கம்பி உறைக்குள் துருப்பிடித்து இறுகும். மடலின் ஓரத்தில் ஒட்டிய பஞ்சுநுரை பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பொடிந்து, ஏசி வாய் வழியாகக் கறுப்புத் துகளாகப் பறந்து வரும். சிலர் பூச்சி என்று மருந்தடித்திருக்கிறார்கள். நுரை போனதும் மடல் முழுதாக மூடாது. தண்ணீர் வால்வும் ஒரு நூலளவு திறந்து நின்றுவிடும். கூலிங் காயிலில் குளிர்ந்த காற்று அடுத்த அடியிலேயே கொதிநீர் ரேடியேட்டரை உரசிக்கொண்டு வெளியே வரும். லீவர் நீலத்தில் இருக்கும், உள்ளே மடல் பாதிச் சிவப்பில் நிற்கும். கான்டெஸாவுக்கு அதுதான் நடந்திருந்தது.

இதற்குப் பட்டறைகள் கண்டுபிடித்த வைத்தியம் ஹீட்டரையே துண்டித்துவிடுவது. இரண்டு ஹோஸையும் உருவி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வெந்நீர் கேபினுக்கே வராது. ஐந்து நிமிட வேலை. பைபாஸ் பண்ணிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். தென்மாவட்டத்து வண்டிகளில் முக்கால்வாசி அப்படித்தான் ஓடியதாக அவர் சொல்கிறார். அவர் கைக்கு வந்தவரை வைத்துச் சொல்லும் கணக்கு அது. மடலைச் சரிசெய்ய டேஷ்போர்டை இறக்க வேண்டும், ஒரு நாள் போய்விடும், கூலி யார் கொடுப்பது?

அவர் மட்டும் ஹீட்டரைத் துண்டிக்க மாட்டார். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

சாயல்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். கத்திரி வெயில். ஒரு எஸ்டீமில் உறவுக்காரர்கள், பின்சீட்டில் நடுவில் அப்பத்தா, கையில் வாந்திக்கு எலுமிச்சம்பழம். தெரிந்த பையன் ஓட்ட, இவர் பக்கத்தில். திரும்பி வரும்போது பெருநாழி தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ஓரங்கட்டிப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மோட்டார் எரிந்திருந்தது. தண்ணீர் ஒழுகவில்லை, அளவு சரியாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். எஞ்சினை ஆறவைத்துக் கொஞ்சம் ஓட்டி, மறுபடி நிறுத்தி ஆறவைத்து என்று போனால் ஊர் சேர இருட்டிவிடும்.

அவர் ஏசியை அணைத்தார். நான்கு கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். ப்ளோயரைக் கடைசி வேகத்தில் வைத்து, லீவரை நீலத்திலிருந்து சிவப்பின் கடைக்கோடிக்குத் தள்ளினார். அந்த வண்டி அவர் கைபட்டது, அதனால் லீவர் வழுக்கிக்கொண்டு போனது. அனல் காற்று எல்லா வாயிலிருந்தும் வந்து முகத்தில் அடித்தது. வெளியே கத்திரி, உள்ளே ஹீட்டர்.

"ஏண்டா, ஏசிக்காரன் வண்டின்னு ஏறினா, சோளப்பொரி பொரிக்கிறாப்புல பொரிக்கிறியே! நாங்க என்னடா பாவம் பண்ணினோம்?" என்று அப்பத்தா எலுமிச்சம்பழத்தாலேயே அவர் தலையில் குட்டினார். யாரோ வண்டியை நிறுத்து, நடந்தே வருகிறோம் என்றார்கள். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நடுவுக்கு வந்தது. ஹீட்டர் என்பது இன்னொரு ரேடியேட்டர். அதன் வழியாக எஞ்சின் சூட்டில் ஒரு பகுதியைக் கேபினுக்குள் இறக்கிவிட்டால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். கேபினில் இருப்பவர்கள் பிழைப்பது அவரவர் சாமர்த்தியம். பரளச்சி டீக்கடை முன்னால் வண்டி நின்றபோது எல்லோர் சட்டையையும் பிழியலாம் போலிருந்தது. சிலிண்டர் ஹெட் தப்பியது. அப்பத்தா அதற்குப் பிறகு அவர் இருக்கும் வண்டியில் ஏறியதே இல்லை.

இந்தக் கதையை வாடிக்கையாளர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் ஹீட்டரை வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், "அது கிடக்கட்டும், காஸ் அடிங்க" என்றார்கள்.

அந்த லீவர் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கைத்திறன் அதில்தான் இருந்தது. பழைய வண்டிக்கு அந்தக் கேபிள் தனியாகக் கிடைக்காது. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டால் முழுப் பேனலாகத்தான் வாங்க வேண்டும் என்பார்கள். புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட வண்டிகளிலிருந்து எடுத்தால் அதுவும் அதே வயது, அதே துரு. ஊர் மெக்கானிக்குகள் சைக்கிள் பிரேக் கேபிளை வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புக்கு இழுக்கும்போது வேலை செய்யும், நீலத்துக்குத் தள்ளும்போது வளைந்துகொள்ளும். பிரேக் கேபிள் பல இழை முறுக்கியது, இழுக்க மட்டுமே தெரிந்தது. ஹீட்டர் லீவர் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதற்கு ஒற்றைக் கம்பி, அதுவும் ஸ்பிரிங் எஃகில் இருக்க வேண்டும். அவர் மதுரையில் ஸ்பிரிங் செய்பவர்களிடம் கம்பியை எடைபோட்டு வாங்கிவந்து சுருளாக மாட்டி வைத்திருந்தார். பழைய உறையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, புதுக் கம்பியைக் கிரீஸ் தடவிச் செலுத்துவார். நுனியைக் குறடால் இரண்டு தடவை மடித்து, லீவர் துளையில் கழன்று வராதபடி ஒரு கொக்கி போடுவார். ஸ்பிரிங் எஃகு முறைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மடிப்பும் சரியான இடத்தில் ஒரே முயற்சியில் விழ வேண்டும், திருத்தி மடித்தால் ஒடிந்துவிடும்.

கடைசியில் கிளிப் மாட்டுவது. லீவரை நீலத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, உள்ளே கையை விட்டு மடலை விரலால் இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, உறையை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தில் கிளிப்பை அழுத்த வேண்டும். அந்த மயிரிழையில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் மடல் ஒட்டாது. தலைகீழாகப் படுத்து, கழுத்தை ஸ்டியரிங் கம்பிக்கும் பெடலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு செய்யும் இந்த வேலைக்குக் கூலி என்று அவர் கேட்டது, காஸ் அடிப்பதைவிடக் குறைவு. கம்பிக்கு இவ்வளவா என்று அதற்கும் பேரம் நடக்கும். மடலுக்குப் புது நுரை, சீட் தைக்கும் கடையில் மிச்சப்பட்ட துண்டு. அது இலவசம்.

ப்ளோயர் ரெசிஸ்டர் இன்னொரு தீராத கதை. "நாலாவதுல மட்டும்தான் ஓடுது" என்று வண்டி வந்தால் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. முதல் மூன்று வேகத்துக்கும் மின்சாரம் ரெசிஸ்டர் சுருள் வழியாகப் போகும். நான்காவது அதைத் தொடாமல் நேராகப் போகும். சுருள் எரிந்தால் நான்காவது மட்டும் மிஞ்சும். புது ரெசிஸ்டர் மாட்டிக்கொடுத்தால் சில மாதத்தில் அதுவும் எரியும். கரிசல் தூசி புஷ்ஷில் ஏறி மோட்டார் முக்கிக்கொண்டு சுற்றுவதால் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சுருளால் தாங்க முடியாது. மோட்டாரைக் கவனிக்காமல் ரெசிஸ்டரை மாற்றுவது வீண் செலவு. பழைய மாருதிகளில் காற்றை வடிகட்ட ஃபில்டரே கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் உள்ள ஜாலி வழியாகக் கருவேல இலையும் புழுதியும் நேராக உள்ளே போய், ஈரமான கூலிங் காயிலில் படிந்து சேறாகும். ஒரு மழைக்கு மறுநாள் ஏசி போட்டால் கண்மாய் வற்றிய வாசம் வருவது அதனால்தான். அந்தச் சேற்றைக் கழுவி எடுத்தால் ஒரு தட்டு நிறைய இருக்கும், விதை போட்டால் முளைக்கும் என்பார் அவர். சொல்வதோடு நிற்காமல், ஒரு தடவை தக்காளி விதை போட்டுப் பார்த்ததாகவும் சொல்வார். நம்புவது நம் இஷ்டம்.

திருச்சுழி ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் மதுரையிலிருந்து டாக்ஸி பிடித்து வருவார்கள். அப்படி வந்த ஒரு குவாலிஸில் லீவர் உடைந்து, வண்டி ஏசிக்காரரிடம் வந்தது. உடைத்தது அதில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வழியெல்லாம் குளிர் அதிகம் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். டிரைவர் நம் வழக்கப்படி ஏசியை அணைத்தார், வெக்கை ஏறியதும் போட்டார், மறுபடி அணைத்தார். பொறுமை போய் அந்த அம்மாளே எட்டி லீவரைச் சிவப்புப் பக்கம் தள்ள, வருடக்கணக்காக அசையாதிருந்த பிளாஸ்டிக் கை மளுக்கென்று முறிந்தது. "சூடு வைக்கிற பக்கத்தைப் போய்த் தள்ளுதுண்ணே, விவரம் இல்லாத அம்மா" என்றார் டிரைவர். ஏசிக்காரருக்கு அந்த அம்மாள்தான் விவரமானவர் என்று தோன்றியது. குளிர்ந்த காற்றில் கொஞ்சம் சூட்டைக் கலந்து வேண்டிய பதத்துக்குக் கொண்டுவரத்தானே அந்த லீவரே வைத்திருக்கிறார்கள். ஏசியை அணைத்து அணைத்துப் போடுவது நாம் கண்டுபிடித்த முறை. கொடைக்கானல் மலையில் கண்ணாடி உட்புறம் பனிபடர்ந்து வழி தெரியாமல் பத்திரிகைத் தாளால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதும் அப்படித்தான். காற்றை ஏசியில் உலர்த்தி, ஹீட்டரில் லேசாகச் சூடாக்கிக் கண்ணாடி மேல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தெளியும். ஹோஸை மாற்றி மாட்டி வைத்திருக்கும் வண்டியில் பாதி வைத்தியம்தான் நடக்கும்.

நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. உலகத்தில் முதன்முதலாகக் குளிர்சாதனத்தோடு விற்பனைக்கு வந்த கார்களான 1940 மாடல் பேக்கார்டுகளில், குளிரை நிறுத்த வழியே கிடையாது. எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சூட்டைக் குறித்துவைத்தால் தானே பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு 1964-இல் கெடிலாக்கில்தான் வந்தது. மதுரை அண்ணாச்சி இதைச் சொன்னபோது, பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு போகும் அமெரிக்க டிரைவரைக் கற்பனை செய்து பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். சில வருடங்களில் அது அருப்புக்கோட்டைத் தெருவுக்குள் நுழைந்தபோது ஏசி என்பது மில்காரர் சமாச்சாரமாக இருந்த நிலை மாறியது. ஆனால் 796 சிசி எஞ்சினுக்கு ஏசி பெரிய சுமை. முந்தும்போது ஏசியை அணைப்பது, மேம்பாலம் ஏறும்போது அணைப்பது, ஏறியதும் போடுவது என்று ஒரு பழக்கமே உருவானது. வலது கை ஸ்டியரிங்கில் இருக்க, இடது கை கியருக்கும் ஏசி பட்டனுக்கும் மாறி மாறிப் போகும். அந்தப் பட்டன் தேய்ந்து எழுத்தழிந்து போயிருக்கும். இன்றைக்கும் பெரிய எஞ்சின் வண்டியில் பாலம் வந்தால் கை தானாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகைக் கார்களில் கிலோமீட்டருக்கு ஏசி ரேட், ஏசி இல்லாத ரேட் என்று இரண்டு விலை. ரேட்டைக் கேட்டுவிட்டு, "காத்து நல்லாத்தான வருது" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்ட குடும்பங்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார்.

பிறகு காஸும் மாறியது. ஆர்-12 ஓசோனைத் துளைக்கிறது என்று 1987-இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம். 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2008-இல் இங்கே அதன் தயாரிப்பு நின்றது. அதற்கு முன்பே புதுக் கார்கள் ஆர்-134ஏ-வுக்குப் போயிருந்தன. அவருக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. புதுக் காஸில் குளோரின் இல்லை. ஒழுகும் இடத்தில் காட்டினாலும் விளக்கின் சுடர் நீலமாகவே நிற்கும். பழைய வண்டிக்குப் புதுக் காஸ் மாற்றினால் கம்ப்ரசர் எண்ணெயையும் மாற்ற வேண்டும், ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் ஏசியையே விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி பட்டறையில் கூடவே பழகியவர்களில் சிலர் துபாய்க்குப் போய்விட்டார்கள். அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

லீவர் போய்த் திருகு வந்தது, திருகு போய்ப் பட்டன் வந்தது, இப்போது திரை. கம்பிக்குப் பதில் மடலைச் சின்ன மோட்டார் நகர்த்துகிறது. அதன் பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் டக்டக் என்று தட்டும். சத்தம் கேட்கிறது என்று வருகிறவர்கள், காஸ் அடித்தால் நின்றுவிடுமா என்று கேட்பதாகச் சொன்னார். திரையைத் தொட அவருக்குப் பிடிக்கவில்லை. லீவரைத் தள்ளும்போது விரலில் தெரியும் இறுக்கத்தை வைத்தே மடல் எங்கே தட்டுகிறது என்று சொல்லிவிடுவாராம். திரையில் அது தெரியாதே என்கிறார்.

போன வாரம் டீக்கடை முன்னால் ஒரு புது லாரி நின்றது. 2025-இலிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். கரி மூட்டை ஏற்ற வந்த வண்டி. டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். முகமெல்லாம் கரி. வாங்கிச் சில மாதம்கூட ஆகவில்லை, குளிரே இல்லை என்று டீ மாஸ்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தான். அவர்தான் ஏசிக்காரர் என்று மாஸ்டர் கையைக் காட்டினார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் கேபினுக்குள் ஏறினார். சிவப்பு நீலத் திருகு சரியாக இருந்தது. பக்கத்தில் வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்றுகிற சின்னத் திருகு வெளிக்காற்றில் இருந்தது. மதிய வெக்கையையும் கரித்தூசியையும் ஏசி ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் அதை உள்காற்றுக்குத் திருப்பி, கண்ணாடியை ஏற்றி, பையனுக்கு ஒரு டீ சொன்னார். டீ முடிவதற்குள் கேபின் குளிர்ந்துவிட்டது. பையன் ஏறி, முகத்தை ஏசி வாயருகே வைத்துப் பார்த்தான். நம்ப முடியாமல் சிரித்தான். மறுபடி இறங்கி வந்தான்.

"சூப்பரா வருது அண்ணாச்சி. எதுக்கும் கொஞ்சம் காஸ் அடிச்சு விட்டுருங்களேன்."